நல்லதம்பியின் ரைட்டு

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த அதே 1948-ஆம் வருஷத்தில்தான் நல்லதம்பியும் பஸ்ஸோடு இணைந்தார். இரண்டில் எது பெரிய சேதி என்று கேட்டிருந்தால் பதில் சொல்லக் கொஞ்சம் திணறியிருப்பார். திருமயத்துக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமம். மழை பெய்தால் விளையும் கொஞ்சம் நிலம். ஒரு ஜோடி மாடு. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. இவ்வளவுதான் அவருடைய சொத்து. இருபது வயதில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அடைக்கப்பன் செட்டியாரின் பஸ்ஸில் கண்டக்டராக ஏறினார். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் பொன்னமராவதி. போனால் வருவது, வந்தால் போவது.

ஏறிய முதல் நாளே அவருக்கு இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் கைவந்துவிட்டன. வண்டி நிற்க 'ஹோல்டான்'. வண்டி கிளம்ப 'ரைட்'. இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு முழு பஸ்ஸை ஆட்டிவைக்கலாம் என்றால், இங்கிலீஷ் படிக்கிறவர்கள் எதற்காக அத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதிலும் அந்த 'ரைட்' இருக்கிறதே, அது அவர் வாயில் வந்தால் தனி மரியாதை. மற்றக் கண்டக்டர்கள் ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலும் ஆட்கள் தொங்கும்போதே கத்திவிடுவார்கள். நல்லதம்பி அப்படிச் செய்ய மாட்டார். கூடை மேலே ஏறிவிட்டதா, கிழவி உட்கார்ந்துவிட்டாளா, கதவிடுக்கில் எந்தப் பிள்ளையாவது விரலை வைத்திருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். அப்புறம்தான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து 'ரைட்!' என்பார். டிரைவர் உடையப்பன் திரும்பிப் பார்ப்பதே கிடையாது. "நல்லதம்பி சொல்லிட்டானா, நான் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்" என்பார். நல்லவேளை, கண்ணைத் திறந்துகொண்டுதான் எடுத்தார்.

இப்படிப் பத்து வருஷம். ஆனால் மனுஷனுக்கு ஆசை என்று ஒன்று இருக்கிறதே! பத்து வருஷமாக உடையப்பனின் பின்மண்டையைப் பார்த்துப் பார்த்து, அந்த மண்டை இருக்கும் இடத்தில் தன் மண்டை இருந்தால் எப்படி இருக்கும் என்று நல்லதம்பி நினைக்காத நாள் இல்லை. காலையில் ஷெட்டிலிருந்து ஸ்டாண்டுக்குக் காலி வண்டியைக் கொண்டுபோகும்போது உடையப்பன் ஸ்டீரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். கிளச்சு, கியர், கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டுவது எல்லாம் அப்படித்தான் பழகிற்று. "சோத்துக்கைப் பக்கம் ஒடி, பீச்சாங்கைப் பக்கம் ஒடி" என்பதுதான் உடையப்பனின் பாஷை. அதில் நல்லதம்பிக்கு ஒரு குழப்பமும் இல்லை.

1957 கார்த்திகையில் ஒரு நாள் செட்டியார் கூப்பிட்டனுப்பினார். "பொங்கல் கழிச்சுப் புது வண்டி வருது. வெளியாளப் போடறதுக்கு எனக்கு இஷ்டமில்லை. லைசென்ஸ் வாங்கிட்டு வா, வண்டிய நீயே ஓட்டு" என்றார்.

நல்லதம்பி கை கூப்பியவர் கூப்பியபடியே வெளியே வந்தார். ஸ்டாண்டு வரைக்கும் கையைக் கீழே இறக்கவில்லை என்று பிற்பாடு உடையப்பன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மாதத்துக்கு ஒரு நாள் திருச்சியிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி அவர்தான். யுத்தத்தில் பட்டாளத்து லாரிகளைப் பார்த்த மனுஷர்; தலையில் ஒரு பெரிய தொப்பி; பேச்சில் பாதி இங்கிலீஷ். மார்கழி முதல் வாரம் மைதானத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நல்லதம்பி காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் மற்றவர்களை எல்லாம் இறங்கச் சொல்லிவிட்டு, இடது பக்கத்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஸ்டார்ட்" என்றார். வண்டி கிளம்பியது. "லெப்ட்" என்றார். லெப்டுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. நல்லதம்பி அழகாகத் திரும்பினார். கீழ ராஜ வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு முக்கு வந்தது.

"ரைட்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரைட் என்றால் வலது பக்கம் என்று நல்லதம்பிக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. உடையப்பன் முதல் நாளே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் பத்து வருஷமாக அந்த வார்த்தை காதில் விழுந்தால் வண்டி கிளம்பும். தலைக்குப் போக வேண்டிய வார்த்தை நேரே காலுக்குப் போய்விட்டது. கால் ஆக்ஸிலேட்டரை மிதித்தது. முக்கு பின்னால் போய்விட்டது.

"ரைட்! ரைட்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு ரைட் என்றால் சீக்கிரம் போ என்று பொருள். நல்லதம்பி சீக்கிரம் போனார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று "ரைட், மேன்! ரைட்!" என்று கத்த, அதிகாரிக்கு நம் ஓட்டம் பிடித்துப்போய்விட்டது என்று நல்லதம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி ஊரைத் தாண்டித் திருமயம் ரோட்டில் ஏறிற்று. காற்றில் தொப்பி பறந்தது. அப்புறம்தான் இன்ஸ்பெக்டருக்கு 'ஸ்டாப்' என்ற வார்த்தை ஞாபகம் வந்தது.

வண்டி நின்றதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "நான் என்னய்யா சொன்னேன்?"

"ரைட்டுன்னு சொன்னீங்கய்யா."

"அப்புறம் ஏன் திரும்பல?"

"ரைட்டுன்னதும் எடுத்தேங்க. ரெண்டு தடவை சொன்னதும் வெரசா எடுத்தேங்க. மூணாவது தடவை எந்திரிச்சு நின்னு சொன்னீங்க. அதுக்கு மேல இந்த வண்டி போகாதுங்க."

இன்ஸ்பெக்டர் இறங்கி நடந்துபோய்த் தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். மைதானத்துக்குத் திரும்பியதும் காகிதத்தில் ஒரு வரி எழுதினார். கோபத்தில் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். காகிதம் நல்லதம்பியின் கைக்கு வந்தது. அவர் ஃபெயில்.

ஃபெயில் ஆனதோடு போயிருந்தால் பரவாயில்லை. காகிதத்தைக் கம்பெனியில் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கணக்கப்பிள்ளை சொக்கு இருந்தார். கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். எவ்வளவு தெரியும் என்று சோதிக்க இன்னொரு ஆள் இல்லாததால் எல்லாம் தெரியும் என்று ஆகியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "டஸ் நாட் நோ ரைட்" என்று படித்தார். அதற்கு அப்புறம் இருந்ததன் மேல் ஸ்டாம்பு மை அப்பியிருந்தது.

"அப்படின்னா?" என்றார் செட்டியார்.

சொக்குவுக்கும் சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தை வெளியே காட்டிக்கொள்கிற ஆளா அவர்? மேசை டிராயரிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். 'ரைட்' என்பதற்கு நேரே ஒரு பத்தி நிறைய அர்த்தம் இருந்தது. அதில் கனமானதாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். "நியாயம், தர்மம். அதாவது, இந்த ஆளுக்குத் தர்மம் தெரியாதுன்னு எழுதியிருக்காக."

செட்டியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பத்து வருஷமா நம்ம வண்டியில இருக்கான். அரை மணி நேரம் பக்கத்துல ஒக்காந்துட்டு அந்த அதிகாரி இப்படி எழுதியிருக்காகளே!" என்றார். நல்லதம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "கெவர்மெண்டு ஆளுக சும்மா எழுத மாட்டாகளே. நாப்பது உசுரு ஏறுற வண்டிப்பா. தர்மம் தெரியாதவன் கையில எப்படிக் குடுக்கறது?"

வண்டி ஓட்டத் தெரியவில்லை என்றால் நல்லதம்பி ஒப்புக்கொண்டிருப்பார். முக்கில் திரும்பவில்லை என்றால், ஆமாம் என்றிருப்பார். தர்மம் தெரியாது என்றால் என்ன பதில் சொல்வது? தெரியும் என்று தன் வாயால் தானே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"அடுத்த மாசம் இன்னொரு தடவை போ" என்றார் செட்டியார் கடைசியாக. "நானும் வண்டியில வந்து ஒக்காருறேன். அப்பயும் இதையே எழுதுனாருன்னா தேவகோட்டையிலேர்ந்து வேற ஆளக் கூட்டிக்கிறேன்."

சேதி நல்லதம்பிக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டது. மறுநாள் நமணசமுத்திரத்தில் தயிர்க்கூடையோடு ஏறும் செவந்தி, "தர்மம் தெரியாத அண்ணே, இந்தக் கூடையக் கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நல்லதம்பியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி அமராவதி முழுக் கதையையும் கேட்டாள். தொப்பி பறந்த இடம் வந்ததும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தர்மம் வந்த இடத்தில் முந்தானையை எடுத்துவிட்டாள்.

"ஒங்களுக்கா தர்மம் தெரியாது? கிழவி ஒக்காருற வரைக்கும் வண்டிய நிப்பாட்டி வச்சிட்டு மத்த ஆளுககிட்ட திட்டு வாங்குற ஆளு நீங்க. அந்தக் கணக்கப்பிள்ளை கிடக்காரு, விடுங்க. ஒங்களுக்கு நோவு அங்க இல்லை, காதுல இருக்கு. ரைட்டுன்னா ஒங்க காதுக்குப் போன்னு கேக்குது. அத மாத்தணும்."

"எப்படி மாத்துறது?"

அமராவதி வாசலில் கட்டிக் கிடந்த மாடுகளைப் பார்த்தாள். "வலப்பக்கம் பூட்டுற வலத்தை மாட்டுக்கு ரைட்டுன்னு பேரு வச்சிருவோம்."

"அப்ப இடத்தை மாடு?"

"அது லெப்ட்டு."

வார லீவு நாளிலும், டிரிப்பு சீக்கிரம் முடிகிற சாயங்காலங்களிலும் கட்டை வண்டியைப் பூட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். நல்லதம்பி முன்னால், அமராவதி இன்ஸ்பெக்டராகப் பின்னால். அவளுக்கு அந்த உத்தியோகம் பிடித்துப்போயிற்று. எந்த இடத்தில் சொல்வாள் என்று தெரியாது. கண்மாய்க்கரை, களத்துமேடு, எங்கேயாவது சும்மா போய்க்கொண்டிருக்கும்போது "ரைட்டு!" என்பாள். உடனே வலத்தை மாட்டின் கயிற்றைச் சுண்ட வேண்டும். முதல் இரண்டு நாள் நல்லதம்பி கயிற்றை விட்டுவிட்டு "ஹை" என்று மாட்டை முடுக்கினார். மூன்றாம் நாள் மாடுகள் தேறிவிட்டன. ரைட்டு என்றதும் தாமாகவே வலப்பக்கம் திரும்பின. நல்லதம்பி தேற இன்னும் பத்து நாள் ஆயிற்று. ஊரில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. ஸ்டீரிங்குக்காக அவர் கழுதை மேல் ஏறிக்கூட ரைட்டு லெப்ட்டு படித்திருப்பார்.

ஆனால் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெட்டது. பஸ்ஸில் 'ரைட்' என்று வாயெடுத்தால் வலது கை தானாகக் கயிற்றைச் சுண்டியது. ஒரு தடவை பக்கத்தில் நின்ற ஆளின் துண்டைச் சுண்டிவிட்டார். அதோடு வாய் திக்க ஆரம்பித்தது. ரைட் என்பதா, போ என்பதா, வலது என்பதா, தர்மம் என்பதா? கூட்டம் ஏறி உட்கார்ந்து வண்டி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத உடையப்பன் திரும்பிப் பார்ப்பார்.

"என்னப்பா, ரைட்டு எங்க?"

"போகலாம்ணே" என்பார் நல்லதம்பி மெதுவாக.

"என்னமோ சாமியார் மாதிரி சொல்ற. எனக்கு அந்த ரைட்டு இல்லாமக் கால் எந்திரிக்க மாட்டேங்குது" என்று முனகிக்கொண்டே கியரைப் போடுவார் உடையப்பன்.

தை பிறந்தது. புது வண்டி திருச்சியில் பாடி கட்டி முடிந்து தயாராக நிற்பதாகச் சேதி வந்தது. இன்ஸ்பெக்டரும் வந்தார். நல்லதம்பியைக் கண்டதும் முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். செட்டியார் பின் சீட்டில் உட்கார அனுமதி கேட்டார். "ஒக்காருங்க. ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். செட்டியார் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டார்.

நல்லதம்பி ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை போனால் ஸ்டீரிங்கும் போயிற்று, பெயரும் போயிற்று. தேவகோட்டை ஆள் ஓட்டுகிற வண்டியில், தர்மம் தெரியாத கண்டக்டராக, காலம் முழுக்கப் படியில் நிற்க வேண்டியதுதான்.

"லெப்ட்." திரும்பினார். "ரைட்." கையை வெளியே நீட்டிக் காட்டி, வண்டியை மெதுவாக்கி, வலப்பக்கம் திரும்பினார். வலத்தை மாடு மனக்கண்ணில் வந்துபோயிற்று. இன்னொரு ரைட், இன்னொரு லெப்ட். நூல் பிடித்தாற்போல் இருக்கும் அந்த வீதிகளில் முக்குக்கா பஞ்சம்? பாதி ஊரைச் சுற்றிவிட்டு வண்டி புதுக்குளத்துக் கரைக்கு வந்தது. இடப்பக்கம் வரிசையாக மாட்டு வண்டிகள். வலப்பக்கம் தண்ணீர், கரை வரைக்கும் தளும்பிக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் மடியில் இருந்த காகிதத்தில் என்னமோ எழுதினார். எழுதிக்கொண்டே தலையை ஆட்டி, "ரைட்" என்றார்.

நல்லதம்பியின் கால் பிரேக்கில் இருந்தது. வண்டி குலுங்காமல் நின்றது. கைப்பிரேக்கையும் இழுத்துப் போட்டார். பின்னால் செட்டியாருக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது" என்றார் நல்லதம்பி. "இது எந்த ரைட்டுங்க?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எந்த ரைட்டா? எத்தனை ரைட்டுய்யா இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு மூணுங்க. ஒண்ணு சோத்துக்கைப் பக்கம். அதுன்னா இங்கிட்டுக் குளமுங்க, முங்கிருவோம். ரெண்டாவது கண்டக்டர் ரைட்டு. எல்லாரும் பத்திரமா ஒக்காந்தாச்சு, எடுங்கன்னு அர்த்தம். ஆனா நீங்க கண்டக்டர் இல்லீங்க. மூணாவது எங்க கணக்கப்பிள்ளை சொல்ற ரைட்டு, தர்மம். அது எனக்குத் தெரியாதுன்னு போன மாசம் நீங்களே எழுதிட்டீங்க. நீங்க சொல்றது எதுன்னு வெளங்காம வண்டிய எடுத்தா ஆளு உசுருக்கு ஆபத்துங்க. அதான் நிப்பாட்டிட்டுக் கேட்டேன்."

"தர்மமா? நான் எப்பய்யா அப்படி எழுதினேன்?"

பேசக்கூடாது என்ற உத்தரவு செட்டியாருக்கு மறந்துபோயிற்று. வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, ஒரு மாதமாகப் பையிலேயே வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வெயிலில் பிடித்து, ஸ்டாம்பு மைக்கு அடியில் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மடியில் இருந்த தொப்பி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட அவருக்கு முடியவில்லை.

"வலது எது, இடது எதுன்னு தெரியலைன்னு எழுதினேன், செட்டியாரே. இடதை ஸ்டாம்பு முழுங்கிடுச்சு. ஒருத்தரோட தர்மத்தைச் சோதிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பிரேக்கைச் சோதிக்கத்தான் அதிகாரம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லதம்பி பக்கம் திரும்பினார். "நான் இப்பச் சொன்னது நாலாவது ரைட்டு. சரின்னு அர்த்தம். நீ ஓட்டினது சரி. தெரியலைன்னா நிப்பாட்டிக் கேக்குற டிரைவரை என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் பாக்குறேன். பாஸ், போ."

நல்லதம்பி ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முப்பது வயது ஆள், நடுப்பகலில், குளத்துக்கரையில் அழுதார். ஒரு மாதமாகச் சிரித்துச் சிரித்து மறைத்ததெல்லாம் அழுகையாக வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் நன்றாகவும் இருந்தது.

"ஒனக்குத் தர்மம் தெரியும்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றார் செட்டியார் பின்னாலிருந்து. தெரியாமல் இருந்த ஒரு மாதத்தை அவர் அந்த நிமிஷமே மறந்துவிட்டார். முதலாளிகளுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை புது வண்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். முன்பக்கம் முழுக்க மஞ்சள் பெயிண்ட். பொன்னமராவதி போகும் முதல் டிரிப்பு. அமராவதி அவருக்கு நேர் பின்னால் முதல் சீட்டில், கூறைப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாயிற்று. நல்லதம்பி ஏறி, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். புதுக் கண்டக்டர் ராக்கன் கூட்டத்தை ஏற்றினார். ஒரு சுற்றுப் பார்த்தார். மூச்சை இழுத்து, "ரைட்!" என்றார்.

வண்டி நகரவில்லை.

"ரைட், ரைட்!" என்றார் ராக்கன் இன்னும் பலமாக.

நல்லதம்பி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக அவர் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. இன்னொரு தடவை கேட்டால் தேவலை போலிருந்தது.

அமராவதி முன்னால் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"ஒங்களத்தாங்க சொல்றாக" என்றாள். "எடுங்க."